பிள்ளைகள் மிதிக்காத இடம்

பிள்ளைகள் அவளைப் பீப்பீ டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் எந்நேரமும் தொங்கிய விசில்தான் காரணம். அவளுக்குக் குரல் எடுபடாது. கல்லூரி நாட்களில் நீளம் தாண்டுதலில் பேர் வாங்கியவள். ஒரு தடவை மணல் குழியில் முழங்கால் மடங்கி விழுந்ததோடு அந்தக் கதை முடிந்துபோயிற்று. அழுது தீர்த்துவிட்டு, உடற்கல்விப் பயிற்சி முடித்து, இந்தத் தொடக்கப் பள்ளிக்கு வேலைக்கு வந்தாள்.

அவள் வருவதற்கு முன்னால் இங்கே பி.டி. பீரியட் என்றால் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். கையைத் தூக்கு, கையை இறக்கு, வலப்பக்கம் திரும்பு. வெயிலில் யாராவது ஒரு குழந்தை சுருண்டு விழுந்தால் மற்றவர்களுக்கு அன்றைக்கு விடுதலை. வந்த முதல் வாரமே அவள் அதையெல்லாம் மூட்டை கட்டினாள். ஆறு வயசுப் பிள்ளையை ஓடவிடாமல் நிற்கவைப்பது பாவம் என்று தலைமை ஆசிரியையிடம் நேராகவே சொன்னாள். தலைமை ஆசிரியை கண்டிப்பானவர்தான், ஆனால் நியாயம் தெரிந்தவர். "ஓடட்டும். பல்லு உடையாம பாத்துக்கோ" என்றார்.

அவளுடைய கணவர் திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருந்தார். கடையில் மிஞ்சும் துண்டுத் துணியெல்லாம் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. நீளமாகக் கிழித்து இடுப்பில் செருகினால் வால். ஒருத்தர் வாலை ஒருத்தர் பிடுங்க வேண்டும், தன் வாலைக் காப்பாற்றிக்கொள்ளவும் வேண்டும். மைதானத்தில் பிளாஸ்டிக் வளையங்களைப் பரப்பினால் தீவுகள். விசில் ஊதியதும் ஆளுக்கொரு தீவில் குதிக்க வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும்போது விசில் ஊதினால் சிலை. ஒட்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த பெரிய வட்டத் துணி ஒன்றும் இருந்தது. சுற்றிலும் நின்று எல்லோரும் சேர்ந்து அதை மேலே தூக்க, அது குடை மாதிரி விரியும். இறங்குவதற்குள் அடியில் புகுந்து மறுபக்கம் போய்விட வேண்டும்.

அவளுடைய விளையாட்டுகளில் 'அவுட்' என்ற பேச்சே கிடையாது. பிடிபட்டவர் ஓரமாகப் போய்த் தவளை மாதிரி குதித்துவிட்டு மறுபடி உள்ளே வரலாம். நோஞ்சான், குண்டு, அழுமூஞ்சி என்று பெயர் வாங்கிய பிள்ளைகளெல்லாம் அவளுடைய பீரியடுக்காகக் காத்துக் கிடந்தார்கள். அவளும் கூடவே ஓடுவாள். பிள்ளைகள் அவள் காலைக் கட்டிக்கொள்வார்கள், முதுகில் மோதுவார்கள், புடவை முந்தானையைப் பிடித்துத் தொங்குவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சண்டைக்குப் போய்வந்தவள் மாதிரி இருப்பாள்.

"யாரு ஜெயிச்சா?" என்பார் கணவர்.

"தெரியல. ஆனா நான் தோத்தேன்" என்று செருப்பைக் கழற்றுவாள்.

பிள்ளை இல்லாத வீடு அது. அந்தப் பேச்சை இரண்டு பேரும் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

வருஷங்கள் இப்படிப் போயின. ஒரு மழைக்காலம் முடிந்த சமயத்தில் வீட்டு மாடிப்படியில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். விடுப்பு எடுக்க மனசில்லை. மூன்றாம் வகுப்பு டீச்சரைக் கெஞ்சி மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, மேல்மாடிப் பாட்டு வகுப்பின் ஜன்னலோரம் காலை ஒரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். இத்தனை காலமும் அந்த மைதானத்தை மேலிருந்து அவள் பார்த்ததே இல்லை.

கீழே வால் பிடுங்கும் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் தலை தெறிக்க ஓடினார்கள். சிரிப்பும் கூச்சலும் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. அவளும் சிரித்துக்கொண்டேதான் பார்த்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

மைதானத்தின் கிழக்கு மூலைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சாப்பாட்டு மேசை அகலத்துக்கு, ஓர் இடம் காலியாகவே இருந்தது. நேராகப் பாய்ந்து வருகிற பிள்ளை அங்கே வந்ததும் லேசாக வளைந்து, சுற்றிக்கொண்டு போனது. துரத்துகிற பிள்ளையும் அதே மாதிரி வளைந்தது. ஒருத்தரும் கீழே குனிந்து பார்க்கவில்லை, வேகத்தைக் குறைக்கவில்லை. ஓடும் தண்ணீருக்கு நடுவே ஒரு பாறை நின்றால் எப்படிப் பிரிந்து போகுமோ அப்படிப் பிரிந்து போனார்கள். ஆனால் அங்கே பாறை இல்லை. சுற்றிலும் இருந்த அதே மண், அதே காய்ந்த புல்.

கால் சரியானதும் முதல் வேலையாக அங்கே போய்ப் பார்த்தாள். முள் இல்லை, கண்ணாடித் துண்டு இல்லை, எறும்புப் புற்று இல்லை. செருப்பால் தட்டிப் பார்த்தாள். தரை கெட்டியாக இருந்தது.

அன்றைக்குத் தீவு விளையாட்டு வைத்தாள். வளையங்களைப் பரப்பும்போது ஒன்றை வேண்டுமென்றே அந்த இடத்தில் போட்டாள். விசில் ஊதினாள். பிள்ளைகள் ஆளுக்கொரு வளையத்தில் குதித்தார்கள். இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி மட்டும் தீவு கிடைக்காமல் நடுவில் நின்று முழித்தாள்.

"அங்க ஒண்ணு சும்மாதானே கிடக்கு. போய் நில்லு" என்றாள் டீச்சர்.

சிறுமி திரும்பிப் பார்த்தாள். "அதுல இடமில்ல டீச்சர்" என்றாள்.

"யாருமே இல்லையே அதுல?"

"ஆமா. ஆனா இடமில்ல."

சொல்லிவிட்டு, தோற்றவர்கள் செய்கிற மாதிரி ஓரமாகப் போய்த் தவளை குதிக்க ஆரம்பித்துவிட்டாள். பயமோ பிடிவாதமோ அவள் முகத்தில் இல்லை. மற்ற பிள்ளைகளும் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. டீச்சர்தான் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பழக்கமாக இருக்கும், பெரிய வகுப்பைப் பார்த்துச் சின்ன வகுப்பு கற்றுக்கொண்டிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானமும் நிலைக்கவில்லை. வருஷத்தின் நடுவில் வேறு ஊரிலிருந்து ஒரு பையன் வந்து இரண்டாம் வகுப்பில் சேர்ந்தான். முதல் நாளே, யாரோடும் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால், அவளுடைய பீரியட். அவனை ஓடவிட்டுவிட்டு மாடிக்கு ஏறிப்போய் ஜன்னலில் நின்றாள். பையன் மைதானத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பாய்ந்தான். அந்த இடம் வந்ததும் அவன் கால்கள் தாமாக வளைந்தன. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் சிலை விளையாட்டு. பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தவள், மனசைத் திடப்படுத்திக்கொண்டு அந்த இடத்தின் நடுவே போய் நின்றாள். விசில் அவள் மார்பில்தான் தொங்கியது, ஊதவில்லை. ஆனால் மைதானம் முழுவதும் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஓடிய கால் ஓடியபடி, தூக்கிய கை தூக்கியபடி. கூச்சல் கத்தரித்த மாதிரி நின்றது. எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியிருந்தது.

"நான் இன்னும் ஊதலையே" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"நாங்க விளையாடல டீச்சர்" என்றான் முன்னால் நின்ற ஒருவன்.

முதல் வகுப்புக் குழந்தை ஒன்று, பால் பற்கள் விழுந்த பொக்கை வாய், மெதுவாகக் கிட்டே வந்தது. அந்த இடத்தின் விளிம்பில் நின்று கையை மட்டும் நீட்டியது. "வாங்க டீச்சர்" என்றது. அவள் கையைக் கொடுத்தாள். குழந்தை அவளை இழுத்து வெளியே கொண்டுவந்ததும், யாரும் எதுவும் சொல்லாமலே எல்லோரும் மறுபடி ஓட ஆரம்பித்தார்கள். விட்ட இடத்திலிருந்து கூச்சல் தொடங்கியது.

அன்று மதியமே தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனாள். சொல்லச் சொல்லத் தனக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சிரிக்கப் போகிறார் என்று எதிர்பார்த்தாள்.

"பேய் பிசாசெல்லாம் நான் நம்புறதில்ல. ஆனா பிள்ளைங்க காரணம் இல்லாம எதை விட்டும் ஒதுங்காது" என்றார். "சனிக்கிழமை ஆள் வரச் சொல்றேன். நீயும் வா. வேற யார்கிட்டயும் மூச்சு விடாதே."

சனிக்கிழமை காலை பளிச்சென்ற வெயில். கூலியாள் ஒருவர் கடப்பாரையோடு வந்தார். எங்கே என்று அவள் காட்டினாள். அவர் ஓங்கிக் குத்தினார், மேல்மண் பெயர்ந்தது. இன்னொரு குத்து, இன்னொரு குத்து. அடுத்த குத்துக்குக் கடப்பாரை எதிலும் நிற்கவில்லை. அவர் கையிலிருந்து வழுக்கி, நிலத்துக்குள் முழுசாக மறைந்துவிட்டது. மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அது அடியில் போய் விழுந்த சத்தம் வர நேரமாயிற்று.

கூலியாள் மண்ணில் குப்புறப் படுத்து, மெல்லப் பின்னால் ஊர்ந்து வந்தார்.

பழைய கிணறு. வாயில் மரப்பலகைகளைப் போட்டு மேலே மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். எந்தக் காலத்தில், யார், ஒருத்தருக்கும் தெரியவில்லை. பலகைகள் பஞ்சு மாதிரி உளுத்துப்போயிருந்தன. போன மழைக்கே இறங்கியிருக்க வேண்டியது என்றார் பார்க்க வந்த பொறியாளர். விளக்கைக் கட்டி இறக்கிப் பார்த்தார்கள். உள்ளே எலும்பு கிடக்கும், பெட்டி கிடக்கும் என்று வேடிக்கை பார்க்கக் கூடியவர்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். ஒன்றும் இல்லை. வறண்ட சேறும், அதில் நட்டுக்கொண்டு நின்ற கடப்பாரையும்தான்.

கல்லும் சல்லியும் லாரி லாரியாக வந்து இறங்கின. மேலே காங்கிரீட் போட்டு, அதன்மேல் மண் பரப்பினார்கள். மைதானம் திறந்த அன்று அவள் மாடியிலிருந்து பார்த்தாள். பிள்ளைகள் அந்த இடத்தின் மேல் தடதடவென்று ஓடினார்கள். இரட்டைச் சடைச் சிறுமி அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டினாள்.

"உனக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுது?" என்று அப்புறம் அவளிடம் கேட்டாள் டீச்சர்.

"எது டீச்சர்?" என்றாள் சிறுமி. அவளுக்கு அந்த வளையம்கூட நினைவில் இல்லை.

பள்ளிக்கூடம் முழுக்க அவளைப் பாராட்டியது. பெற்றோர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கோ அந்தப் பாராட்டு ஒட்டவில்லை. கிணற்றை நினைத்து அவள் பயப்படவில்லை, அது மூடியாகிவிட்டது. இந்தச் சின்னக் கால்களுக்கு யார் சொன்னது என்பதுதான் அவளை அரித்தது. வகுப்பில் பல்லைக் காட்டிச் சிரிக்கிற, மூக்கை ஒழுகவிடுகிற, பென்சிலுக்காக அடித்துக்கொள்கிற அதே பிள்ளைகள்தான். ஓட ஆரம்பித்ததும் அவர்களுக்குள் வேறு ஏதோ ஒன்று கண் விழித்துக்கொள்கிறது. ஓடி முடித்ததும் அது போய்விடுகிறது, அவர்களுக்கே தெரியாமல்.

நாள் ஆக ஆக அந்தப் பயமும் மழுங்கியது. அடுத்த கோடை விடுமுறை வந்து போயிற்று.

பள்ளி திறந்த பிறகு ஒரு நாள் வட்டத் துணியை எடுத்தாள். எல்லோரும் சேர்ந்து தூக்கினார்கள், துணி விரிந்தது. வழக்கம்போல அவள் அடியில் புகுந்து நடுவில் நின்றாள். இது பிள்ளைகளுக்கு உயிரான கட்டம். துணி இறங்குவதற்குள் எல்லோரும் வந்து அவள்மேல் விழுந்து அப்பிக்கொள்வார்கள். அன்றைக்கும் உள்ளே பாய்ந்து வந்தார்கள். ஆனால் ஒருத்தரும் அவள்மேல் விழவில்லை. சிரித்துக்கொண்டே அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து, மறுபுறம் போய்விட்டார்கள். துணி மெல்ல இறங்கி, அவள் ஒருத்தியை மட்டும் மூடியது.

அந்தச் சிவப்பும் மஞ்சளுமான இருட்டுக்குள் அவள் அசையாமல் நின்றாள்.

துணியை விலக்கிவிட்டு, கிட்டே நின்ற பையனைக் கேட்டாள். "ஏன்டா, இன்னைக்கு யாரும் என்கிட்ட வரல?"

"வந்தோமே டீச்சர்" என்றான் அவன், ஆச்சரியமாக.

அடுத்த நாள் வால் விளையாட்டு. அவள் இடுப்பில் வால் தொங்கியது, கடைசிவரை ஒரு கையும் அதைத் தொடவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. நடக்கும்போதும் வகுப்பிலும் பிள்ளைகள் எப்போதும்போலக் கையைப் பிடித்தார்கள், மடியில் ஏறினார்கள். ஓடும்போது மட்டும் அவளைச் சுற்றி ஒரு சாப்பாட்டு மேசை அகலம் காலியாக இருந்தது. அல்லது அவளுக்குத்தான் அப்படித் தோன்றியது. உள்ளே நின்றுகொண்டு எப்படித் தெரியும்?

வீட்டில் கணவரிடம், "நாளைக்கு ஸ்கூலுக்கு வாங்க. மாடி ஜன்னல்ல நின்னு நாங்க விளையாடுறதப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

"எதைப் பாக்கணும்?"

"சும்மா பாருங்க."

அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். அவள் மைதானத்தின் நடுவில் நின்று ஊதினாள். ஓடினாள், திரும்பினாள், வேகத்தை மாற்றினாள், பிள்ளைக் கூட்டத்துக்குள்ளேயே பாய்ந்தாள். கூட்டம் அவளுக்காக விலகி விலகி மூடிக்கொண்டது. மேலே பார்க்கத் தைரியம் வரவில்லை.

மணி அடித்ததும் அவர் இறங்கி வந்தார். வாய் ஓயாமல் கேலி பேசுகிற மனுஷன், வீடு வரை வாயைத் திறக்கவில்லை. கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "நாளைக்குக் கடை லீவு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"எனக்கு ஒண்ணும் இல்லையே. நல்லாத்தானே இருக்கேன்."

"அந்தத் தரையும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அவர். சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மருத்துவமனையில் என்ன செய்கிறது என்று கேட்டார்கள். நெஞ்சு வலிக்கிறது என்று பொய் சொன்னாள். ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனை வைத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. நெஞ்சின்மேல் கருவியை வைத்துத் திரையில் படம் பார்த்த பெண் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு, கருவியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நகர்த்தினாள். பிறகு வெளியே போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் வீங்கி, அதன் சுவர் மெலிந்துபோயிருந்தது. ஓடும்போதோ குனியும்போதோ, சும்மா படுத்திருக்கும்போதோகூட அது வெடித்திருக்கலாம் என்றார் டாக்டர். "இதுக்குப் பெரும்பாலும் வலியே இருக்காது. நீங்க சொல்ற வலி இதனால வந்த மாதிரி தெரியல. எப்படித்தான் சந்தேகம் வந்து வந்தீங்க?"

அவள் கணவரைப் பார்த்தாள்.

"பிள்ளைங்க சொன்னாங்க" என்றார் அவர்.

"நல்ல பிள்ளைங்க. எத்தனை பேர் உங்களுக்கு?"

"அது கிடக்கு, ஏகப்பட்ட பேர்" என்றார் அவர். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே கேலி அதுதான்.

அறுவை சிகிச்சை நடந்தது. நெஞ்சின் நடுவில் தையலோடு பல மாதம் வீட்டில் கிடந்தாள். பிள்ளைகள் படம் வரைந்து அனுப்பினார்கள். ஒவ்வொரு படத்தையும் கையில் எடுத்து, தன்னைச் சுற்றி வெள்ளையாக இடம் விட்டிருக்கிறார்களா என்று பார்த்தாள். இல்லை. தாளில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நின்றார்கள். படம் வரையும் கைக்கு ஒன்றும் தெரியவில்லை போலும்.

திரும்ப வேலைக்கு வந்தபோது ஓடக் கூடாது என்று கட்டளை. விசில் ஊதக்கூட மூச்சு சேரவில்லை, கையைத் தட்டித்தான் விளையாட்டை நடத்தினாள். முதல் நாள், பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவள் மாதிரி மைதானத்தில் கால் வைத்தாள். பிள்ளைகள் அவள் முழங்கையை உரசிக்கொண்டு ஓடினார்கள். தலைமை ஆசிரியை தூரத்தில் மரத்தடியில் நின்று அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

ஆனால் அன்றிலிருந்து அவளால் வெறுமனே விளையாட்டைப் பார்க்க முடியவில்லை. பிள்ளைகளின் முகத்தை விட்டுவிட்டு, நடுவில் எங்காவது இடம் விழுகிறதா என்றே கண் போனது. ஒரு நாள் சாப்பிடும்போது கணவரிடம் மெதுவாகக் கேட்டாள். "ஒரு நாள் அதுங்க ஒரு குழந்தைய விட்டு இப்படி ஒதுங்கிப் போச்சுன்னா? அதோட அம்மாகிட்ட போய் நான் என்னன்னு சொல்றது?"

அவர் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். "சொல்றத அப்புறம் யோசிக்கலாம். முதல்ல தூக்கிட்டு ஓடு."

"நான் ஓடக் கூடாதே."

"நான் ஓடுறேன்" என்றார்.

இப்போது அவளுடைய பீரியட் எப்போதும் சங்கிலி விளையாட்டில்தான் தொடங்குகிறது. ஒருவர் பிடிப்பார், பிடிபட்டவர் அவர் கையைக் கோத்துக்கொள்வார், இருவரும் சேர்ந்து மூன்றாமவரைப் பிடிப்பார்கள். முடிவில் வகுப்பு முழுவதும் ஒரே சங்கிலியாகி மைதானத்தில் வளைந்து வளைந்து ஓடும். யாராவது தனியாக மிஞ்சினால் உடனே தெரிந்துவிடும் என்பதற்காகத்தான் அதை வைத்தாள். காரணத்தை யாருக்கும் சொல்லவில்லை. கடைசிப் பிள்ளையும் கை கோக்கும்வரை அவள் ஓரத்தில் நின்று பார்க்கிறாள். அதற்குப் பிறகுதான் வால்களை எடுக்கிறாள்.